வாய்ச் சொல் காற்றோடு போகும். மினிட் புத்தகம் நிற்கும்

அம்பாங்கில் மலிவு விலை அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கும் பெரியவர் ஒருவரைப் பார்க்க அண்மையில் போயிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். என் தகப்பனாரும் அவரும் ஒரே தோட்டம். பக்கத்துப் பக்கத்து நிரை. தோட்டம் கைமாறி, லயன்கள் இடிபட்ட பிறகு மகன் வாங்கிய இந்த வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டார். மகன் காலமான பின் வீடு அவர் பெயருக்கு வந்துவிட்டது. ஐந்தாவது மாடி. மின்தூக்கி வேலை செய்தால் ஐந்து நிமிடம். செய்யாவிட்டால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம்.

என்னைக் கண்டதும் நலம் கூட விசாரிக்காமல் ஒரு தாளை நீட்டினார்.

"இதப் படிச்சுச் சொல்லு தம்பி. கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போயிருக்காங்க. மாசாமாசம் கட்டுற காசுல 20 வெள்ளி ஏத்திட்டாங்களாமே? யாரு ஏத்துனா? எங்கள ஒரு வார்த்த கேட்டாங்களா?"

படித்தேன். ஆண்டுக் கூட்டத்தில் பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தத் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த மாதத்திலிருந்து அமலுக்கு வருகிறது. அவ்வளவுதான்.

"கூட்டம் நடந்ததே ஐயா, நீங்க போகலையா?"

"என்னா கூட்டம்? எனக்கு யாரு சொன்னா?"

கீழே இறங்கி வந்து பார்த்தேன். மின்தூக்கிக்குப் பக்கத்திலிருந்த அறிவிப்புப் பலகையில், தண்ணீர்க் குழாய் பழுதுபார்ப்பவரின் விளம்பரத்துக்கும் காணாமற்போன பூனையின் படத்துக்கும் நடுவில், கூட்ட அறிவிப்பு இன்னும் ஒட்டியபடியே இருந்தது. மலாயில் தெளிவாக எழுதியிருந்தார்கள். நாள், நேரம், இடம் இருந்தன. நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது விஷயமாகக் கட்டண உயர்வும் இருந்தது. பெரியவர் அந்தப் பலகையைத் தாண்டித்தான் தினமும் காலையில் பசியாறப் போய் வருகிறார்.

இதில் யார் மீது குற்றம் சொல்வது? முறைப்படி அறிவிப்பு கொடுத்தவர்கள் மீதா? அதைப் படிக்காமல் நடந்த நம்மவர் மீதா? அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் இதே யோசனை. கூட்டம் என்றால் பேச்சு என்றே நாம் நினைத்து வளர்ந்துவிட்டோம். ஆனால் கூட்டத்தின் உயிர் மூன்று தாள்களில் இருக்கிறது. கூட்டத்துக்கு முன்னால் வரும் அறிவிப்பு, அதோடு வரும் நிகழ்ச்சி நிரல், கூட்டம் முடிந்த பின் எழுதும் மினிட். இந்த மூன்றையும் எழுதவும் படிக்கவும் தெரியாத வரையில், நம் சார்பில் வேறு யாரோ முடிவு செய்துகொண்டுதான் இருப்பார்கள்.

நான் செய்த தவறு

இதை மற்றவர்களுக்கு உபதேசமாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1984ஆம் ஆண்டு. எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் தோட்டத்தில் கோயில் கமிட்டிக்கு நான்தான் செயலாளர். ஐந்தாம் பாரம் முடித்தவன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பிடித்துப் போட்டுவிட்டார்கள். தோட்டம் விற்பனைக்கு வருகிறது என்ற பேச்சு அடிபட்ட நேரம். பயந்துபோன மக்கள் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். தோட்ட நிர்வாகியும் வந்திருந்தார். எழுந்து நின்று, "தோட்டம் யார் கைக்குப் போனாலும் பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு உண்டு, அதற்கு நான் பொறுப்பு" என்றார். எண்பது பேருக்குக் குறையாமல் அதைக் கேட்டார்கள். கைத்தட்டல் அடங்கச் சில நிமிடங்கள் ஆயின. சில தாய்மார்கள் அழுதேவிட்டார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்துத் தோட்டம் கைமாறியது. அந்த நிர்வாகியும் மாற்றலாகிப் போய்விட்டார். புதிய முதலாளியின் ஆட்களிடம் போய் வீட்டைப் பற்றிக் கேட்டோம். அவர்கள் கோபிக்கவில்லை, மரியாதையாகவே பேசினார்கள். "அப்படி ஒரு வாக்குறுதி இருந்தால் எழுத்தில் காட்டுங்கள், பார்க்கலாம்" என்றார்கள்.

ஓடிப்போய் மினிட் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். என் கையெழுத்தில், முத்து முத்தாக, இப்படி எழுதியிருந்தது:

"நிர்வாகி அவர்கள் கூட்டத்துக்கு வருகை புரிந்து நல்ல பல கருத்துகளை எடுத்துரைத்தார். அன்னாருக்கு மாலை அணிவிக்கப்பட்டது. தேநீர் விருந்துடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது."

மாலை இருக்கிறது. தேநீர் இருக்கிறது. வீட்டைக் காணோம்!

எண்பது பேர் காதால் கேட்ட வார்த்தையை ஒரு வரி எழுதி வைக்கத் தெரியாமல் நான் தொலைத்தேன். எழுதியிருந்தால் கட்டாயம் வீடு கிடைத்திருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பேச்சு வார்த்தைக்கு உட்காரும்போது நம் கையில் ஒரு தாளாவது இருந்திருக்கும். அந்தப் பெரியவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மினிட் புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது.

கூடிப் பேசும் உரிமை சும்மா வரவில்லை

நம் முன்னோர் கூட்டம் போடவே போராட வேண்டியிருந்தது என்பதை இளைய தலைமுறை அறிந்திருக்க வேண்டும். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலை நிறுத்தம் நடந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்னின்றது. தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அதன் தலைவர்களில் ஒருவர். அந்தத் தொழிலாளர்களின் கோரிக்கைகள் வரிசையாக எழுதி வைக்கப்பட்டன. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமார் எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை ஆகியவை அதில் இருந்தன. பேசவும் கூடவும் சங்கம் அமைக்கவும் சுதந்திரம் வேண்டும் என்பதும் அதில் இருந்தது. நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, உயிர்ப்பலியும் நேர்ந்தது.

எழுத்தறிவு குறைந்திருந்த அந்தக் காலத்திலேயே கோரிக்கைகளை வரிசைப்படுத்தி எழுதினார்கள். அதனால்தான் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்கள் என்ன கேட்டார்கள் என்று இன்று நாம் சொல்ல முடிகிறது.

இன்னொன்றும் உண்டு. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கைநாட்டு வைத்தவரும் அங்கே ஓர் உரிமையாளர். எப்படி? ரசீதும் பங்குக் கணக்கும் கூட்டத் தீர்மானமும் எழுத்தில் இருந்ததால்தான்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். புத்ராஜெயா உருவானபோது பிராங் புசார், கெலவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய தோட்டங்களின் மக்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு இடம் மாற்றப்பட்டார்கள். சொந்த வீடு கேட்டு அவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நீண்ட காலத்தில் அதிகாரிகள் மாறுவார்கள், மந்திரிகள் மாறுவார்கள், நம் பெரியவர்கள் கண்ணை மூடிவிடுவார்கள். ஆள் மாறினாலும் மாறாமல் நிற்பது தாள் ஒன்றுதான்.

முதல் தாள்: அறிவிப்பு

இனி வேலைக்கு வருவோம். அறிவிப்பை மலாயில் நோட்டிஸ் மெஷுவாராட் என்பார்கள். ஆறு கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும். எந்தச் சங்கம்? என்ன வகைக் கூட்டம்? எந்த நாள், என்ன கிழமை? எத்தனை மணிக்கு? எங்கே? யார் அழைக்கிறார்? இவற்றில் ஒன்று குறைந்தாலும் பின்னால் வம்புதான்.

மாதிரி இதோ:

"தோட்டக் கோயில் நிர்வாகக் குழு. ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு. நமது குழுவின் ஆண்டுப் பொதுக்கூட்டம் 15-3-2026 ஞாயிற்றுக்கிழமை காலை மணி 10.00க்குக் கோயில் மண்டபத்தில் நடைபெறும். எல்லா உறுப்பினர்களும் தவறாமல் வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும் விஷயங்கள் கீழே தரப்பட்டுள்ளன. தீர்மானம் கொண்டுவர விரும்புவோர் 8-3-2026க்குள் செயலாளரிடம் எழுத்தில் கொடுக்கவும். இப்படிக்கு, செயலாளர். தேதி 22-2-2026."

கீழே உள்ள தேதியைக் கவனியுங்கள். கூட்டம் நடக்கும் தேதியைப் போட்டுவிட்டு, அறிவிப்பு எழுதிய தேதியை விட்டுவிடுவது நம்மவரின் வழக்கம். எத்தனை நாள் முன்னதாக அழைத்தோம் என்பதற்கு அந்தத் தேதிதான் சாட்சி. எத்தனை நாள் வேண்டும்? உங்கள் சங்கத்தின் சட்டவிதியைத் திறந்து பாருங்கள். அதில் எத்தனை நாள் என்று இருக்கிறதோ அத்தனை நாள். ஒரு நாள் குறைந்தாலும் "கூட்டமே செல்லாது" என்று ஒருவர் எழுந்து நிற்க இடம் கொடுத்துவிடுவோம்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வேறு சட்டம். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் 2015 ஜூன் மாதம் தீபகற்பத்தில் அமலுக்கு வந்தது. அதன்படி பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் அறிவிப்பு கொடுக்க வேண்டும். வாக்களிக்க உரிமையுள்ளவர்களில் பாதிப் பேர் வர வேண்டும். இதைக் கேட்டதும் பெரியவர் துள்ளினார்.

"பாதிப் பேரு வந்திருக்க மாட்டாங்களே! அப்பறம் எப்படி முடிவு பண்ணுனாங்க?"

அங்கேதான் சூட்சுமம். குறித்த நேரத்திலிருந்து அரை மணி நேரம் வரை பாதிப் பேர் வராவிட்டால், வந்திருப்பவர்களை வைத்தே கூட்டத்தை நடத்தலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. காலை பத்து மணிக் கூட்டம் என்றால், பத்தரைக்கு நாற்காலியில் இருக்கும் இருபது பேர் இருநூறு வீட்டின் தலைவிதியை எழுதலாம். நாமோ, "கூட்டம் என்னைக்கு நேரத்துக்குத் தொடங்கியிருக்கு?" என்று பதினொன்றரைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவோம். போய்ச் சேரும்போது தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. கூட்டத்துக்கு முந்திய ஏழாவது நாளில் பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் வாக்களிக்க முடியாது. கோபத்தில் கட்டணத்தை நிறுத்தி வைப்பவர், தன் வாயைத் தானே கட்டிக்கொள்கிறார்.

இரண்டாம் தாள்: நிகழ்ச்சி நிரல்

நிகழ்ச்சி நிரலை அழைப்பிதழில் போடும் அலங்காரம் என்று நினைப்பவர் உண்டு. உண்மையில் அது வேலி. எதைப் பேசப் போகிறோம், எந்த வரிசையில் பேசப் போகிறோம் என்று முன்கூட்டியே கட்டும் வேலி. வேலி இல்லாத நிலத்தில் மாடு மேய்வது போல, நிரல் இல்லாத கூட்டத்தில் பழைய சண்டைகள் மேயும்.

ஆண்டுக் கூட்டத்துக்கு வழக்கமான வரிசை இது: தலைவர் உரை, சென்ற கூட்டத்தின் மினிட்டை வாசித்து ஏற்றல், அதிலிருந்து எழும் விஷயங்கள், செயலாளர் அறிக்கை, பொருளாளரின் வரவு செலவுக் கணக்கு, புதிய நிர்வாகக் குழுவும் கணக்குப் பரிசோதகரும் தேர்வு, முன்கூட்டி எழுத்தில் வந்த தீர்மானங்கள், இதர விஷயங்கள், நன்றியுரை.

இதில் நம் கூட்டங்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, "சென்ற கூட்டத்திலிருந்து எழும் விஷயங்கள்." மலாயில் பெர்காரா பெர்பங்கிட். போன கூட்டத்தில் செய்வதாகச் சொன்னதைச் செய்தீர்களா என்று கேட்கும் இடம் இதுதான். பல கமிட்டிகள் இதை விரைவாகத் தாண்டிவிடப் பார்க்கும். உறுப்பினர்கள் தாண்ட விடக்கூடாது.

மற்றொன்று, "இதர விஷயங்கள்." மலாயில் ஹால்-ஹால் லாயின். இங்கே சின்னச் சின்ன அறிவிப்புகளைச் சொல்லலாம். ஆனால் மக்கள் பாதிக்கு மேல் எழுந்து போன பிறகு, "இதர விஷயம்" என்ற பெயரில் பெரிய செலவுக்கோ கட்டண உயர்வுக்கோ தீர்மானம் போடுவது முறையல்ல. நிரலில் இல்லாத பெரிய விஷயம் வந்தால், "இதற்கு அறிவிப்பு கொடுக்கவில்லை, அடுத்த கூட்டத்தில் வையுங்கள்" என்று எழுந்து சொல்லுங்கள். சொன்னதை மினிட்டில் பதிக்கவும் சொல்லுங்கள்.

ஒவ்வொரு விஷயத்துக்கும் எண் போடுவது அவசியம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் முதலாளிமார் சங்கமாகிய மாப்பாவோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லாம் எண் எண்ணாகப் பிரித்திருக்கும். "இந்தப் பிரிவு, இந்த எண்" என்று விரலை வைத்துக் காட்ட முடிந்தால்தான் வாதம் நிற்கும்.

மூன்றாம் தாள்: மினிட்

நான் கோட்டை விட்ட தாள் இதுதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மினிட் என்பது கூட்டத்தின் கதை அல்ல, முடிவுகளின் பதிவு. யார் எப்படி உணர்ச்சி பொங்கப் பேசினார், எத்தனை முறை கைத்தட்டினார்கள் என்பதெல்லாம் வேண்டாம். கூட்டம் தொடங்கிய நேரம், தலைமை தாங்கியவர், வந்தவர்கள் எத்தனை பேர், வர இயலாது என்று சொல்லி அனுப்பியவர்கள் யார் என்பதை முதலில் எழுதுங்கள். வருகைப் பதிவில் ஒவ்வொருவரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். கையெழுத்து வராதவர் கைநாட்டு வைக்கட்டும். அதில் வெட்கம் ஏதுமில்லை.

பிறகு ஒவ்வொரு விஷயத்துக்கும் நான்கு செய்திகளை எழுதுங்கள்: என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், எவ்வளவு செலவு. தீர்மானமாக இருந்தால் முன்மொழிந்தவர் பெயரும் வழிமொழிந்தவர் பெயரும் வேண்டும். வாக்கெடுப்பு நடந்தால் ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்ற கணக்கு வேண்டும்.

ஓர் உதாரணம். "கோயில் கூரை பற்றி நெடுநேரம் விவாதிக்கப்பட்டது." இது மினிட் அல்ல. அடுத்த ஆண்டு மழை ஒழுகும்போது இந்த வரியை வைத்து யாரையும் ஒன்றும் கேட்க முடியாது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "விஷயம் 5. கோயில் கூரை. மூன்று குத்தகையாளரிடம் விலை கேட்பது என்று முடிவாயிற்று. பொறுப்பு: பொருளாளர். 30-4-2026க்குள் நிர்வாகக் குழுவிடம் சமர்ப்பிக்க வேண்டும்." இரண்டு வரிதான் கூடுதல். ஆனால் மே மாதம் முதல் தேதி பொருளாளரைப் பார்த்து, "அண்ணே, என்னாச்சு?" என்று கேட்க ஒரு சிறுவனுக்கும் உரிமை வந்துவிடுகிறது.

வெளியார் யாராவது வந்து வாக்குக் கொடுத்தால் இன்னும் கவனம் வேண்டும். முதலாளியின் ஆளோ, அதிகாரியோ, அரசியல்வாதியோ, யாராக இருந்தாலும் அவர் பெயர், பதவி, சொன்ன சொல், சொன்ன தேதி ஆகியவற்றை அவர் சொன்னபடியே எழுதுங்கள். எழுதியதை அங்கேயே உரக்க வாசியுங்கள். "ஐயா சொன்னதை இப்படி எழுதியிருக்கிறோம், சரிதானே?" என்று கேளுங்கள். நல்ல எண்ணத்தோடு பேசியவர் தலையசைப்பார். கைத்தட்டலுக்காகப் பேசியவர் அப்போதே திருத்துவார். இரண்டுமே நமக்கு லாபம்.

கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள் அதையே கடிதமாக்கி அவருக்கு அனுப்புங்கள். "இன்ன தேதியில் நடந்த கூட்டத்தில் தாங்கள் சொன்னதாக நாங்கள் பதிந்தவை பின்வருவன, தவறிருந்தால் தெரிவிக்கவும்" என்று எழுதினால் போதும். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு சாப்பா குத்தி வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால். அந்தச் சாப்பா குத்திய நகல்தான் நாளைக்கு நமக்காகப் பேசும் வாய்.

சண்டை வரும் இடங்களில் செயலாளர் தன் அபிப்பிராயத்தை எழுதக்கூடாது. "இன்னார் வீணாகக் கூச்சல் போட்டார்" என்று எழுதாதீர்கள். "இன்னார் ஆட்சேபம் தெரிவித்தார்" என்று எழுதுங்கள். எதிர்த்தவரின் பெயரும் காரணமும் மினிட்டில் இருந்தால், அவரும் மறுநாள் கூட்டத்துக்கு வருவார். இல்லாவிட்டால் வேறு சங்கம் தொடங்கிவிடுவார். நம் தோட்டங்களில் ஒரு கோயிலுக்கு இரண்டு கமிட்டி வந்த கதைகளில் பாதிக்கு இதுவே காரணம்.

தாய்மார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்றபடி அவர்கள் கேட்கும் கேள்விதான் பல சமயம் சரியான கேள்வி. குழாயில் தண்ணீர் வராததும் ஆயாக் கொட்டகை ஒழுகுவதும் அவர்களுக்கல்லவா தெரியும்? ஆனால் மினிட்டில் "பெண்கள் சிலர் பேசினர்" என்று போய்விடும். அவர்கள் பெயரை எழுதுங்கள். பெயர் எழுதப்பட்டவர் அடுத்த முறை முன் வரிசைக்கு வருவார்.

மூன்று தாளும் எங்கே போக வேண்டும்?

மினிட்டை எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டினால் வேலை முடியாது. அடுத்த கூட்டத்தில் வாசித்து, திருத்தம் இருந்தால் திருத்தி, தலைவரும் செயலாளரும் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகுதான் அது ஏற்கப்பட்ட மினிட்.

பதிவு பெற்ற சங்கமாக இருந்தால் 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டம் இருக்கிறது. ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் நிர்வாகிகளின் பட்டியலையும் கணக்கையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். இப்போது இதை இணையவழியில் அனுப்புகிறார்கள். பிள்ளைகளில் கணினி தெரிந்த ஒருவரை உதவிக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ரகசியச் சொல்லை ஒரே ஆளின் பையில் வைத்துவிடாதீர்கள். செயலாளர் கோபித்துக்கொண்டு போனதும் சங்கத்தின் கதவே பூட்டிக்கொண்ட கதைகள் நிறைய உண்டு.

இலாகாவுக்குப் போகும் மினிட் மலாயில் இருந்தால் சௌகரியம். தமிழில் எழுதி, பிறகு மலாயில் பெயர்த்துக்கொள்ளலாம். தலைவர் பெங்கெருசி, செயலாளர் செத்தியாவுசாஹா, பொருளாளர் பெண்டஹாரி. இந்தப் பத்துப் பதினைந்து சொற்களைப் பழகிவிட்டால் பயம் போய்விடும்.

அம்பாங் வாசிகளுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அம்பாங் என்ற சொல்லுக்கு அணை என்று பொருள். ஈயம் எடுத்த காலத்தில் தண்ணீரைத் தேக்கிய அணையால் வந்த பெயர். 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபோது எல்லைக்கோடு இந்த வட்டாரத்தின் ஊடே விழுந்தது. அதனால் ஒரு பக்கம் கோலாலம்பூர் மாநகர் மன்றம். மறு பக்கம் 1992இல் அமைந்த அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம். அடுக்குமாடிப் புகாரைக் கேட்கும் கட்டட ஆணையர் அலுவலகம் அந்தந்த மன்றத்தைச் சேர்ந்தது. மனுவைத் தவறான பக்கத்தில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மதிப்பீட்டு வரி பில்லில் எந்த மன்றத்தின் பெயர் இருக்கிறதோ, மனு அங்கேதான் போக வேண்டும்.

வாட்ஸாப்பில் பேசி முடித்துவிட்டோமே என்று சொல்பவர்கள் உண்டு. செய்தி சொல்ல அது நல்ல வழிதான். ஆனால் கைப்பேசி தொலைந்தால் தீர்மானமும் தொலைந்தது. குரல் பதிவில் இருபது பேர் பேசியதிலிருந்து என்ன முடிவு என்று யாரும் எடுத்துச் சொல்ல முடியாது. வாட்ஸாப்பில் பேசுங்கள், புத்தகத்தில் எழுதுங்கள்.

பெரியவர் என்ன செய்தார்?

அடுக்குமாடியில் மொத்தப் பங்களவில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாத உரிமையாளர்கள் எழுத்தில் கேட்டால், அவசரப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைச் சொன்னேன். பெரியவரின் பேத்தி கணினியில் மனுவைத் தட்டினாள். பெரியவர் கையெழுத்து வாங்க மாடி மாடியாக ஏறினார். மலாய்க்காரர் வீட்டிலும் சீனர் வீட்டிலும் கதவைத் தட்டினார். எல்லாருக்கும் அதே மின்தூக்கிதான். அதே முழங்கால் வலிதான். யாரும் முகத்தைத் திருப்பவில்லை. மனுவைக் கொடுத்து நகலில் சாப்பா குத்தி வாங்கினார்கள்.

கூட்டம் நடந்தது. இந்த முறை அறிவிப்பைத் தமிழிலும் எழுதி ஒட்டினார்கள். பெரியவர் பத்து மணிக் கூட்டத்துக்கு ஒன்பதரைக்கே போய் முன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

முடிவு என்னவென்று கேட்பீர்கள். கட்டணம் குறையவில்லை. மின்தூக்கிப் பராமரிப்புச் செலவு உண்மையிலேயே ஏறியிருக்கிறது என்று கணக்கைக் காட்டினார்கள், மக்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மின்தூக்கியை எந்தத் தேதிக்குள் சரிசெய்வது, யார் பொறுப்பு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கைப் பலகையில் ஒட்டுவது ஆகியவை தீர்மானமாயின. எல்லாம் எண்ணோடு மினிட்டில் ஏறின.

சில வாரங்கள் கழித்துப் பெரியவர் எனக்குத் தொலைபேசி போட்டார்.

"தம்பி, மினிட் வந்துருச்சு. பேத்தி படிச்சுக் காட்டுனா. ஆறாவது விஷயம், முன்மொழிந்தவர்னு போட்டு என் பேரு இருக்கு."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "தோட்டத்துல அத்தன வருஷம் இருந்தேன். செக்ரோல்ல தவிர வேற எங்கயும் என் பேர யாரும் எழுதுனதில்ல."

என்னால் பதில் பேச முடியவில்லை.

தோழர்களே, இன்று தோட்டங்களில் நம்மவர் தொகை குறைந்துவிட்டது. ஆனால் கோயில், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம், இளைஞர் மன்றம், கூட்டுறவு, அடுக்குமாடி நிர்வாகம் என்று நாம் உட்காரும் கூட்டங்கள் குறையவில்லை. சில வெள்ளிக்குக் கடினமான அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் கிடைக்கும். ஒன்று வாங்குங்கள். பக்கங்களுக்கு எண் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் பக்கத்தைத் தொடங்குங்கள். யார் என்ன தருவதாகச் சொன்னாலும், மாலையைப் போடுவதற்கு முன்னால் அதை எழுதிவிடுங்கள்.